முதலை வயிற்றில் வளர்ந்த பிள்ளை

வாசகர் கேள்வி – பதில்

"உங்கள் மனத்தில் கிடக்கும் கதைத் தியரிகளை எழுதி அனுப்புங்கள்" என்று போன இதழில் கேட்டிருந்தோம். திருப்பூர் வட்டாரத்திலிருந்து மட்டும் வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதுமானவையாக இருக்கின்றன. மற்ற ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்க செக்கிங் டேபிள்ல ஆறு பேர். ஆறு பேரும் பொன்னியின் செல்வன் படிச்சாச்சு. ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருன்னு கேட்டா ஆளுக்கொரு பேர் சொல்றோம். தீர்ப்பு சொல்லுங்க.
(செக்கிங் பிரிவுப் பெண், காந்தி நகர், திருப்பூர்)

ஆறு பேரும் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறீர்கள். கடம்பூர் மாளிகையின் அந்த அறையில் கல்கி நந்தினியை நிறுத்தினார், வந்தியத்தேவனை ஒளித்துவைத்தார், ரவிதாசன் கூட்டத்துக்கு வழி விட்டார், பெரிய பழுவேட்டரையரையும் வரவழைத்தார். எல்லோர் கைக்கும் ஒரு காரணத்தைக் கொடுத்த பிறகு விளக்கை அணைத்துவிட்டார். பின்னால் பழுவேட்டரையர் பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். அது உண்மையா, நிரபராதி ஒருவனைக் காப்பாற்றச் சொன்னதா என்ற சந்தேகத்தையும் கல்கி முழுசாகத் துடைக்கவில்லை.

என் தியரி இது. கடம்பூருக்குப் போகாதே என்று தங்கை குந்தவை சொல்லி அனுப்புகிறாள், தாத்தா மலையமான் தடுக்கிறார், வந்தியத்தேவன் கெஞ்சுகிறான். அத்தனையையும் மீறிக் கரிகாலன் போகிறான். காலில் விழுந்து உயிர்ப்பிச்சை கேட்ட நந்தினியின் கண் முன்னால் வீரபாண்டியனின் தலையை வெட்டிய நாளிலிருந்து அவன் சாவைத் தேடிக்கொண்டிருந்தான். கத்தி எந்தக் கையிலிருந்து வந்திருந்தாலும், அந்த அறைக்கு அவனைக் கூட்டிப்போனது அவன் மனம்தான். மலையமானோடு பேசும் பகுதியை மறுபடி படித்துவிட்டுச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறீர்களா என்று.

வரலாற்றுக்கு வந்தால் வேறு அறை. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய சொத்தும் உறவினர்களுடைய சொத்தும் பறிபோன கதை அதில் இருக்கிறது. கொலைக்கும் கல்வெட்டுக்கும் நடுவே உத்தம சோழன் ஆட்சி முழுவதும் கழிந்துவிட்டது. அத்தனை ஆண்டுகள் ஏன் தாமதம் என்று நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. குடவாயில் பாலசுப்ரமணியன் அதே கல்வெட்டை மீண்டும் வாசித்து எழுதினார். காலச்சக்கரம் நரசிம்மா ‘சங்கதாரா’ நாவலில் சந்தேகத்தைக் குந்தவைப் பக்கமே திருப்பினார். ஆயிரம் வருஷமாக மூடாத வழக்கு. உங்கள் டேபிளில் ஆறு பதில் வந்தது குறைவு.

கேள்வி: ரவிதாசனை மந்திரவாதின்னு சொல்றாங்க. ஒரு மந்திரமாவது பலிச்சதா?
(ஃபிளாட்லாக் டெய்லர், பெருமாநல்லூர்)

ஒன்றும் பலிக்கவில்லை. ஆந்தைக் குரல் அவனுக்கு ஆட்களைக் கூப்பிடும் சைகை, அவ்வளவுதான். ஆனால் நடுக்காட்டில் அவனைப் பார்த்தவர்கள் பயந்து விலகுகிறார்கள், கேள்வி கேட்பதில்லை. சதிகாரனுக்கு அதைவிட நல்ல கவசம் வேண்டுமா? உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசனுக்கு ‘பஞ்சவன் பிரமாதிராசன்’ என்று பட்டம் இருக்கிறது. அது அரசு அதிகாரிக்குக் கொடுக்கும் பட்டம். அப்படிப்பட்ட ஒருவனைச் சுடலையும் காடும் சுற்றும் மந்திரவாதியாக மாற்றியது கல்கியின் கற்பனை. அந்த நாவலில் உண்மையாகவே வானத்திலிருந்து வேலை செய்வது வால்நட்சத்திரம் ஒன்றுதான். அரச குலத்தில் யாருக்கோ ஆபத்து என்று நாடே நம்புகிறது. அந்த நம்பிக்கையை வைத்து ஆளாளுக்குக் காய் நகர்த்துகிறார்கள். மந்திரம் பலிக்காத மந்திரக் கதை என்று அதைச் சொல்லலாம்.

கேள்வி: நந்தினியின் அப்பா யார்?
(பெயர் வேண்டாம், பல்லடம்)

ஒரு தாளை எடுத்து, நந்தினியின் பிறப்பைப் பற்றிக் கதையில் யார் யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள் என்று எழுதுங்கள். பேசும் ஒவ்வொருவருக்கும் அந்த நேரத்தில் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. நந்தினியே எல்லோரிடமும் ஒன்றே சொல்வதில்லை. மணிரத்னத்தின் படம் ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு பாகத்துக்குள் முடிக்க வேண்டிய படம் அப்படித்தான் செய்ய முடியும். நாவல் பல பதில்களை உலவ விட்டது. எனக்கு அப்பா பெயரைவிடப் பெரிதாகப் படுவது, அப்பா பெயர் தெரியாத ஒரு சிறுமியைப் பழையாறை அரண்மனை எப்படி நடத்தியது என்பது. அங்கே பட்ட அவமானத்தைத்தான் அவள் கடைசிவரை சுமக்கிறாள்.

கேள்வி: எங்க ஊர்க் கதைங்க. முதலை முழுங்கின பையனைச் சுந்தரர் பாடி மீட்டாரு. முழுங்கினது அஞ்சு வயசுப் பையன். வெளிய வந்தது வளர்ந்த பையன். முதலை வயித்துக்குள்ள எப்படிங்க வளர்ந்தான்? சின்ன வயசுல இருந்தே கேக்கறேன், யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.
(கட்டிங் மாஸ்டர், அவிநாசி)

இந்த இதழின் சிறந்த கேள்வி உங்களுடையது. தலைப்பும் அதனால்தான்.

கதையை மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சுந்தரர் மலைநாட்டுக்குப் போகும் வழியில் திருப்புக்கொளியூர், அதாவது இன்றைய அவிநாசிக்கு வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணக் கொண்டாட்டம், எதிர் வீட்டில் அழுகை. சில வருஷங்களுக்கு முன் இரண்டு வீட்டுப் பையன்களும் ஐந்து வயதில் ஒன்றாகக் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை இழுத்துக்கொண்டது. தப்பித்தவனுக்கு இன்றைக்குப் பூணூல். போனவனின் தாயும் தகப்பனும் தங்கள் பிள்ளை இருந்திருந்தால் என்று அழுகிறார்கள். சுந்தரர் குளக்கரையில் நின்று பதிகம் பாட, முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து விடுகிறது.

நான் கேட்ட தியரிகள் பல. வயிற்றுக்குள்ளேயே இறைவன் வளர்த்தான் என்பார்கள் சிலர். அந்த முதலையே இப்போது இல்லை, எமன் புது உயிரைக் கொடுத்தான் என்பார்கள் சிலர். பெரிய புராணம் வயிற்றுக்குள் வளர்ந்தான் என்று சொல்லவில்லை. நமன் உயிரைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறான், கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியும் அதோடு சேர்ந்து வருகிறது. சேக்கிழார் கணக்கில் தவறு விடவில்லை.

இப்போது ஐந்து வயதுக் குழந்தையே திரும்பி வந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எதிர் வீட்டுப் பையன் வளர்ந்து நிற்க, இந்த வீட்டுப் பையன் அவனுக்குத் தம்பி மாதிரி நிற்பான். இழந்த வருஷங்கள் தினமும் தாயின் கண் முன்னால் நின்றுகொண்டிருக்கும். கதையைச் சொன்னவர்களுக்கு அந்தத் தாயின் மனம் தெரிந்திருந்தது. உயிரை மட்டும் மீட்டால் பாதி மீட்பு, காலத்தையும் மீட்டாக வேண்டும் என்று ஒரு விதி வைத்தார்கள். உலகத்தின் மந்திரக் கதைகளில் செத்தவர்கள் திரும்பி வருவது சகஜம். வளர்ந்து திரும்பி வருவது மிக அபூர்வம். அதை உங்கள் ஊர்க் குளத்தங்கரையில் வைத்திருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் எந்தப் பதிகமும் திருப்பித் தரவில்லை: அந்தப் பிள்ளை பேசப் பழகியது, ஓடி விழுந்தது, இவையெல்லாம் தாயின் நினைவில் இல்லை. அதை யாராவது கதையாக எழுத வேண்டும். நீங்கள் எழுதுங்களேன்.

கேள்வி: பிராண்டன் சாண்டர்சனின் மிஸ்ட்பார்ன் வாசித்தேன். உலோகத்தை விழுங்கி உள்ளே எரித்தால் சக்தி வரும். இரும்பு என்றால் இழுக்கும், எஃகு என்றால் தள்ளும். இப்படி விதிகளோடு ஒழுங்காகக் கட்டிய மந்திரம் தமிழில் உண்டா?
(ஃபேஷன் டெக்னாலஜி மாணவி, முதலிபாளையம்)

உண்டு, அதுவும் மிகப் பழையது. மணிமேகலை.

சாண்டர்சன் 2007-ல் ஒரு கட்டுரையில் தன் முதல் விதியை எழுதினார். கதைச் சிக்கலை மந்திரத்தால் தீர்ப்பதானால், அந்த மந்திரம் எப்படி வேலை செய்யும் என்று வாசகருக்கு முன்பே எவ்வளவு புரிந்திருக்கிறதோ அவ்வளவுதான் அந்தத் தீர்வு நிறைவு தரும் என்பது அதன் சாரம். இதைக் கையில் வைத்துக்கொண்டு மணிமேகலை எழுதிய சாத்தனாரிடம் போங்கள்.

மணிபல்லவத் தீவில் மணிமேகலைக்கு மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. ஒன்று வேற்றுருவம் எடுக்க, ஒன்று வானத்தில் போக, ஒன்று பசியைத் தாங்க. நான்காவது கிடையாது. நினைத்ததை எல்லாம் செய்ய முடியாது. பிறகு அள்ள அள்ளச் சோறு குறையாத பாத்திரம் அமுதசுரபி வருகிறது. அது கோமுகிப் பொய்கையில் வைகாசி விசாக முழுநிலா நாளில்தான் மேலே வரும். கையில் கிடைத்தவுடன் சுரக்காது, கற்புடைய பெண் ஒருத்தி முதல் பிச்சை இட வேண்டும். ஆதிரை இடுகிறாள். இவ்வளவும் நமக்கு முதலிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது.

இன்னொரு பக்கம் காயசண்டிகை. விந்தையான பசி நோய், ஒரு முனிவரின் சாபம், பன்னிரண்டு ஆண்டு. முனிவர் உண்ணக் காத்திருந்த நாவற்கனியை அவள் காலால் மிதித்துவிட்டாள். அந்தப் பசியில் வானத்தில் பறக்கும் மந்திரமே அவளுக்கு மறந்துபோகிறது. அமுதசுரபிச் சோறு உண்டதும் பசி தீர்கிறது. ஊருக்குப் பறந்து போகும்போது விந்திய மலைக்கு மேல் போகக்கூடாது என்ற விதியை மீறுகிறாள். அங்கே காவல் இருக்கும் விந்தாகடிகை நிழலைப் பிடித்து இழுத்து வயிற்றில் அடக்கிக்கொள்கிறாள்.

இதற்குள் இங்கே மணிமேகலை, தன்னைத் துரத்தும் அரச குமாரன் உதயகுமாரனிடமிருந்து தப்பிக்கக் காயசண்டிகையின் உருவத்தை எடுத்திருக்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் வருகிறான். தன் மனைவியோடு ஓர் அரச குமாரன் பேசுவதாக நினைத்து அவனை வெட்டிவிடுகிறான். யாரும் தப்பான மந்திரம் போடவில்லை. ஒவ்வொரு மந்திரமும் சொன்னபடியே வேலை செய்தது. அந்த ஒழுங்கிலிருந்தே ஒரு சாவு வந்தது. சாண்டர்சன் கேட்டால் எழுந்து நிற்பார். உங்கள் கல்லூரி நூலகத்தில் எளிய உரையோடு ஒரு பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பாத்திரம் செய்யறவன் கேக்கறேன். திரௌபதியின் அட்சய பாத்திரம், மணிமேகலையின் அமுதசுரபி, இதுல எது பெருசு?
(பாத்திரப் பட்டறைத் தொழிலாளி, அனுப்பர்பாளையம்)

செய்பவர் கேட்கும்போது அளவைப் பற்றிப் பேசாமல் குணத்தைப் பற்றிப் பேசுகிறேன். அட்சய பாத்திரம் குடும்பப் பாத்திரம். திரௌபதி சாப்பிட்டு முடித்தால் அன்றைய சுரப்பு நின்றுவிடும். அதனால்தான் துர்வாசர் வந்த வேளையில் கண்ணன் ஒட்டிக்கொண்டிருந்த கீரையைத் தேட வேண்டியதாயிற்று. அமுதசுரபி ஊர்ப் பாத்திரம், அதற்கு அந்த எல்லை இல்லை. ஆனால் பசித்தவர்கள் இல்லாத இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

இதற்கு ஆபுத்திரன் கதையே சாட்சி. மதுரையில் அவன் கையில் அந்தப் பாத்திரம் இருந்தபோது இந்திரன் பொறாமைப்பட்டு நாடெங்கும் மழை பெய்வித்தான். விளைச்சல் பெருகிப் பசியே இல்லாமல் போனது. கொடுப்பதற்கு ஆள் தேடிக் கப்பலேறிய ஆபுத்திரன் மணிபல்லவத்தில் தனியாக விடப்பட்டான். கையில் அள்ள அள்ளக் குறையாத சோறு. ஆனாலும் தனக்கு மட்டும் சோறு போட அதைப் பயன்படுத்த மனமில்லாமல், பாத்திரத்தைக் கோமுகியில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து உயிரை விட்டான். எனக்கு அமுதசுரபிதான் பெரிது. அதைச் செய்தவர் கையை நினைத்தால் உங்கள் பட்டறை ஞாபகம் வரும் இனி.

கேள்வி: மந்திரத்துக்கு ஏன் விலை இருக்கணும்? இலவசமா இருந்தா என்ன?
(விவசாயி மகன், ஒரத்துப்பாளையம் பக்கம்)

உங்கள் ஊர்க்காரருக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. திருப்பூரில் வெள்ளைத் துணி நீலமாக, சிவப்பாக மாறுவதைப் பார்த்தவர்கள் அதையும் ஒரு மந்திரமாகத்தான் பார்த்தார்கள். விலையை நொய்யலில் கீழே இருந்தவர்கள் கொடுத்தார்கள். 1992-ல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுநீரைத் தேக்கும் அணையானது, கிணறும் காடும் உப்பாயின. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் சொல்லும் அளவுக்குப் போனது.

கதையிலும் விலை இல்லாத மந்திரம் என்று ஒன்று கிடையாது. எழுதியவர் விலையைக் காட்டாமல் விட்டிருப்பார், அவ்வளவுதான். மணிமேகலை உருவம் மாறியதற்கு விலை உதயகுமாரன் உயிர். மந்திரம் போட்டவர் ஒருவர், விலை கொடுத்தவர் வேறொருவர். மந்திரக் கதை படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்: யார் கொடுத்தார்கள்?

கேள்வி: வேதாளத்தின் விதி கொடுமையா இருக்கே. பதில் தெரிஞ்சும் சொல்லாட்டித் தலை வெடிக்கும், சொன்னா வேதாளம் மரத்துக்குப் போயிரும்.
(பிளஸ் டூ மாணவன், ஊத்துக்குளி)

கொடுமை இருப்பதால்தான் கதை நகர்கிறது. தெரிந்தவன் மௌனமாக இருக்கக் கூடாது, பேசினால் உழைப்பு வீண். விக்கிரமாதித்தன் ஒவ்வொரு முறையும் உழைப்பை விட்டுக்கொடுத்து நியாயத்தைச் சொல்கிறான். கடைசிக் கேள்விக்கு அவனுக்கே பதில் தெரியவில்லை, அதனால் வாய் திறக்கவில்லை, வேதாளம் வசமானது. தேர்வில் தெரியாத கேள்விக்கு இந்த உத்தி செல்லாது, தம்பி.

கேள்வி: கதையின் முடிவைச் சொல்லிவிடும் நண்பனை என்ன செய்வது?
(அயர்னிங் பிரிவு, மங்கலம்)

மன்னித்துவிடுங்கள். முடிவு தெரிந்த பிறகும் நன்றாக இருக்கும் கதையைத்தான் இரண்டாம் முறை படிக்க முடியும். பொன்னர், சங்கர் சகோதரர்களைப் பாடும் அண்ணன்மார் கதைக்கு உட்கார்ந்த எவருக்கும் முடிவு தெரியாமல் இருந்ததில்லை. விடியவிடிய உட்கார்ந்தார்கள்.

கேள்வி: அண்ணன்மார் கதைன்னதும் கேக்கோணும்னு தோணுச்சு. எங்க அப்பிச்சி உடுக்கைப் பாட்டு கேட்டுட்டு வந்து அழுவாரு. சங்கர் அவ்வளவு பெரிய வீரன். அப்புறம் ஏனுங்க பதினாறு வயசுல சாகோணும்? எதிரி சக்தி அதிகமா?
(நூல் மில் தொழிலாளி, வெள்ளகோவில்)

எதிரிக்குச் சக்தி அதிகம் என்று எந்தப் பாட்டுக்காரரும் சொல்ல மாட்டார். சங்கரைத் தோற்கடித்தவர் யாருமில்லை. கெடு முடிந்தது. தாய் தாமரை தவமிருந்து வாங்கி வந்த வரத்திலேயே பதினாறு வயது என்ற எல்லை இருக்கிறது. மார்க்கண்டேயனுக்கும் அதே பதினாறுதான். ஆனால் அவன் லிங்கத்தைக் கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டிவிட்டான். பொன்னரும் சங்கரும் தாண்டவில்லை. நேரம் வந்ததைத் தெரிந்துகொண்டு தம் வாளிலேயே வீழ்ந்தார்கள். தெய்வத்தைப் பிடித்துக்கொண்டு தப்பித்தவன் கோயில் புராணத்துக்குப் போனான். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள் வீரப்பூரில் தெய்வமாகவே நின்றுவிட்டார்கள். கொங்கு நாட்டுக்காரர்கள் இந்த இரண்டாவது கதைக்குத்தான் அதிகம் அழுதிருக்கிறார்கள். உங்கள் அப்பிச்சி அழுதது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணன்மாரின் தங்கை தங்காள் வருகிறாளே, அதை மறந்துவிடாதீர்கள். படுகளத்துக்குப் போய் அண்ணன்மாரை எழுப்புகிறாள். எழுகிறார்கள், பேசுகிறார்கள், மறுபடி சாகிறார்கள். அவளுடைய சக்திக்கு எழுப்ப முடியும், வைத்துக்கொள்ள முடியாது. அவிநாசிக் கதையை மேலே பார்த்தோம், அங்கே காலமே திரும்பி வந்தது. வீரப்பூரில் கொஞ்ச நேரப் பேச்சு மட்டும்தான் கிடைக்கிறது. மாசித் திருவிழாவில் படுகளம் விழுகிறவர்களை எழுப்பும்போது கூட்டம் ஏன் அப்படி மூச்சை அடக்கி நிற்கிறது என்பது இதைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

இன்னொரு விஷயம். பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1960-களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கினார். உடுக்கைப் பாட்டுக்காரர்கள் இரவிரவாகப் பாடிய இந்தக் கதையை 1965-ல் ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1982-ல் அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். அதில் வரும் பொன்னாச்சி எனக்கு மிகப் பிடித்த பாத்திரம். சின்ன நாய்க்குட்டி. கொம்பன் பன்றியை வேட்டையாட எல்லா நாயையும் கூட்டிப்போய் அவளை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அவமானப்பட்ட அவள் மனம் இறங்கி வரும்வரை கொம்பனை யாராலும் அசைக்க முடியவில்லை. பெரிய சக்தி பெரிய உடம்பில்தான் இருக்கும் என்ற எண்ணத்தை ஒரு நாய்க்குட்டியை வைத்து முதலில் உடைத்த பாட்டுக்காரரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

கேள்வி: கொம்பன் பக்கத்துல நின்னு ஒரு தியரி சொல்லலாமா? அவன் வில்லனா?
(வேட்டுவர் வீட்டுப் பெண், தாராபுரம்)

தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். உழவர் பக்கத்திலிருந்து பாடினால் கொம்பன் பயிரையும் குளத்தையும் அழிக்க வந்த அசுரப் பன்றி. காட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தால், ஏர் நுழைந்து நுழைந்து சுருங்கிப்போன காட்டின் கடைசிக் காவல்காரன். கலைஞர் கருணாநிதி ‘பொன்னர் சங்கர்’ நாவல் எழுதினார், அது 2011-ல் படமாகவும் வந்தது. அண்ணன்மார் பக்கத்துக்கு இப்படி எழுதியவர்கள் உண்டு. உங்கள் வீட்டுப் பாட்டிகள் சொன்ன கதை அச்சில் வந்தது குறைவு. இரண்டு பக்கத்து நியாயத்தையும் வைத்துக்கொண்டு படித்தால் இது நல்லவன் கெட்டவன் கதையாக நிற்காது, நிலம் கைமாறிய கதையாகத் தெரியும். பாட்டியிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். ஒரு வரியும் வெட்டாமல் போடுகிறேன்.

கேள்வி: ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையில் ஜான் ஸ்னோவின் அம்மா யாரென்று ரசிகர்கள் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்துவிட்டால் எழுத்தாளர் கதையை மாற்ற வேண்டாமா?
(மெர்ச்சண்டைசர், அவிநாசி சாலை)

மாற்றக் கூடாது. ஜார்ஜ் மார்ட்டினின் முதல் புத்தகம் வந்தது 1996-ல். சில வருஷங்களுக்குள் கவனமான வாசகர்கள் நெட் ஸ்டார்க்கின் மௌனங்களைக் கூட்டிப் பார்த்து விடையைப் பிடித்துவிட்டார்கள். தொலைக்காட்சித் தொடர் அதை உறுதி செய்தது 2016-ல். ஊகித்துவிட்டார்களே என்று முடிவை மாற்றினால் முன்பே விதைத்த தடயங்களெல்லாம் பொய்யாகிவிடும் என்று மார்ட்டின் சொல்லியிருக்கிறார். கவனமாகப் படித்தவனைத் தண்டித்து, படிக்காதவனுக்கு ஆச்சரியம் பரிசளிப்பது எந்த ஊர் நியாயம்?

கல்கியைப் பாருங்கள். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடர் வந்தது. முடிந்தபின், இன்னும் பல விஷயம் தெரியவில்லையே என்று வாசகர்கள் கேட்டார்கள். அவர் கோபப்படவில்லை. முடிவுரை எழுதி, குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் திருமணம் நடந்ததா என்பது போன்ற கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் சொன்னார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவை வந்தியத்தேவரின் தேவி என்று இருப்பது அந்தத் திருமணத்துக்கு ஆதாரம். அவர் விட்ட இடத்திலிருந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யைத் தொடர்ந்தார். வாசகர் தியரிக்குக் கல்கி கொடுத்த மரியாதையை நான் இந்தப் பகுதிக்கு முன்னுதாரணமாக வைத்திருக்கிறேன்.

கேள்வி: காலை எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரை. பொன்னியின் செல்வன் அஞ்சு பாகம் எப்பங்க படிக்கிறது?
(சிங்கர் டெய்லர், வீரபாண்டி)

ஒலிப்புத்தகமாகக் கேளுங்கள். கம்பெனியில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறதே, வாரத்தில் ஒரு நாள் கதை ஓடட்டும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டுப் பாருங்கள். உடுக்கைப் பாட்டும் காதால் கேட்ட இலக்கியம்தான்.

கேள்வி: இக்காலத் தமிழில் ஒரு முழு மாய உலகம் கட்டிய நாவல் எது?
(நிட்டிங் மெஷின் ஆபரேட்டர், அங்கேரிபாளையம்)

ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’, 1997. ஒரு கோயில் நகரத்தையே கற்பனையில் எழுப்பி, பிறகு இடித்தும் காட்டியிருக்கிறார். ஒரு பகுதியில் சண்டை போட்டு, சந்தேகப்பட்டு வாழ்ந்த மனிதர்கள் இன்னொரு பகுதியில் சிலையாகவும் ஐதீகமாகவும் நிற்பார்கள். உண்மை எப்படிப் புராணமாகிறது என்பதுதான் அங்கே மந்திரம். முதல் நூறு பக்கம் கஷ்டம். சிரமப்பட்டு ஏறுங்கள், வீண்போகாது. அந்த நாவலின் பெயரில் வாசகர்கள் வருஷா வருஷம் கோவையில் கூடி விருது கொடுக்கிறார்கள். பஸ்ஸில் போய்விட்டு அன்றே திரும்பலாம்.

கேள்வி: நொய்யல் கரையில் ஒரு மாய நாவல் எழுத ஆசை. வெளிநாட்டு ஆட்கள் மாதிரி டிராகன் வேண்டாம். எங்கிருந்து தொடங்குவது?
(பேட்டர்ன் மாஸ்டர், நல்லூர்)

கல்லிலிருந்து தொடங்குங்கள். காங்கேயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. ரோமாபுரிக்காரர்கள் அந்தக் கல்லுக்குப் பொன் கொடுத்தார்கள். சென்னிமலை பக்கம் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது, பதிற்றுப்பத்தில் பெயர் வரும் ஊர். அகழாய்வில் மணி செய்யும் பட்டறைகள், இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள், தமிழி எழுத்தில் ஆட்களின் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. மிஸ்ட்பார்னில் உலோகத்தை விழுங்குகிறார்கள். உங்கள் ஆற்றங்கரையில் அதை உருக்கத் தெரிந்தவர்கள் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இருந்தார்கள். அந்தப் பானை ஓட்டில் பெயர் எழுதியவர் ஒருவரைக் கதாபாத்திரமாக்குங்கள்.

விதியை முதலில் எழுதுங்கள்: கல் என்ன செய்யும், என்ன செய்யாது, யாருக்கு எடுபடாது. பிறகு விலையை எழுதுங்கள். மூன்றாவதாகத்தான் நாயகன். வரிசை மாறினால் நாயகனுக்கு வேண்டியபோதெல்லாம் கல் புதிதாக ஒரு வேலை செய்யத் தொடங்கிவிடும். முதல் அத்தியாயம் எழுதியதும் அனுப்புங்கள். மந்திரவாதி இருந்தால் அவனுக்குப் பகலில் என்ன தொழில் என்பதையும் எழுதியிருங்கள்.

கேள்வி: என்னிடம் இன்னும் பத்துத் தியரி இருக்கிறது. எல்லாவற்றையும் அனுப்பலாமா?
(பேக்கிங் பிரிவு, சோமனூர்)

அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் பாகம், அத்தியாய எண் குறிப்பிட வேண்டும். எந்தக் கதாபாத்திரம் யாரிடம் சொன்னதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். பக்க எண் வேண்டாம், பதிப்புக்குப் பதிப்பு மாறும்.